உடம்பு அலுக்காத வேலையில் மனசு ஏன் இப்படி அலுத்துப்போகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. தம்பி ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாக சிஎன்சி (கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் மெஷின்) ஆபரேட்டர். முன்பு ஒரே ஒரு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் ரோபோ வந்தது, இப்போது நாலு மெஷின் அவன் பொறுப்பு. தூக்குவது, மாட்டுவது எதுவும் கிடையாது. ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசுவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான், படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்கிறான். “மெஷின்தானே வேலை செய்யுது, உனக்கென்ன கஷ்டம்?” என்று அப்பா கேட்டதற்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். இது வேலையால் வருவதுதானா? வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?

அம்மா, உங்கள் தம்பி சொல்வது உண்மை. முதலில் அதை நம்புங்கள், அப்பாவையும் நம்ப வையுங்கள். நான் 1998-ல் ஓசூர் சிப்காட்டில் டிரெய்னியாகச் சேர்ந்தவன். சாதா லேத், அப்புறம் சிஎன்சி, அப்புறம் லைன் சூபர்வைசர், இப்போது புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் தம்பி மாதிரி முகத்தோடு பஸ் ஏறுகிற பையன்களை ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் பார்க்கிறேன்.

அவன் வேலை முன்பு எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்து, வெட்டி முடித்த பீஸை எடுத்து, ஏர் கன்னால் ஊதி, புதுப் பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்துவான். மெஷின் வெட்டுகிற நேரத்தில் எடுத்த பீஸின் ஓரத்தில் பர் என்கிற கூர் விளிம்பைத் தேய்த்து, கேஜ் என்கிற அளவுக் கருவி போட்டுப் பார்ப்பான். ஒரு ஷிஃப்டில் இருநூறு முன்னூறு தடவை இதே வேலை. கை, தோள், இடுப்பு எல்லாம் வலிக்கும். ஆனால் கைக்கு ஒரு தாளம் வந்துவிடும். தாளம் வந்தபின் மனசு கொஞ்சம் தன் பாட்டுக்குப் போய்வரும். நாற்று நடுகிறவர்கள் பேசிக்கொண்டே நடுகிறார்களே, அந்த மாதிரி.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அது யார் கணக்கிலும் இல்லை. மெஷின் வெட்டும் சத்தத்தை அவன் காது கேட்டுக்கொண்டே இருந்தது. வெட்டுகிற டூலின் நுனியில் இருக்கும் இன்சர்ட் முனை தேய ஆரம்பித்தால் சத்தம் கொஞ்சம் கரகரக்கும். விழுகிற உலோகப் பிசிறின் சுருள் மாறும், நிறம் நீலம் பாயும். எடுத்த பீஸ் வழக்கத்தைவிடச் சூடாக இருப்பது உள்ளங்கையில் தெரியும். நல்ல ஆபரேட்டர் அளந்து பார்ப்பதற்கு முன்பே “டூல் போச்சு” என்று சொல்லிவிடுவான்.

ரோபோ வந்து கை செய்த வேலையை எடுத்துக்கொண்டது. காதும் உள்ளங்கையும் செய்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுப்பு இன்னும் உங்கள் தம்பியிடம்தான் இருக்கிறது, நாலு மெஷினுக்கும் சேர்த்து. அதைச் செய்ய முன்பிருந்த வழிதான் இப்போது இல்லை. நாலு கதவும் மூடியிருக்கும், சூடு தணிக்கும் கூலன்ட் திரவம் அடித்துக் கண்ணாடி மறைந்திருக்கும், சத்தங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அவனுக்குத் தெரிவதெல்லாம் தலைக்கு மேல் நிற்கும் டவர் லேம்ப். பச்சை எரிந்தால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் ஏதோ வேண்டும், சிவப்பு என்றால் நின்றுவிட்டது. எட்டு மணி நேரம் அந்த விளக்குகளை, எது எப்போது மாறும் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதை உங்கள் அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வழி சொல்கிறேன். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானைக்குக் காவல் இருப்பார்களே, பரண் கட்டி ராத்திரி முழுக்க. அங்கே உழுவதும் இல்லை, அறுப்பதும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஆனால் பத்து நாள் காவல் இருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், உழவு எவ்வளவோ மேல் என்பார். யானை வராத ராத்திரிதான் அதிகம். வரவே இல்லை என்றாலும் வரும் என்றே விழித்திருக்க வேண்டும். அதனால்தான் யாரும் பரணில் தனியாக இருப்பதில்லை. இரண்டு பேர் இருப்பார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மாற்றி மாற்றிக் கண்ணயர்ந்து, நடுநடுவே தகரத்தைத் தட்டிக்கொண்டு. உங்கள் தம்பி நாலு வயலுக்குத் தனியாகக் காவல் இருக்கிறான்.

இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படை ஆட்கள், நேரம் போகப் போகத் திரையில் தெரிந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் கடிகாரம் மாதிரி ஒன்றைச் செய்தார். அதன் முள் ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது ஒரு தடவை ஒரு படி தாண்டிக் குதிக்கும். குதிப்பதைப் பார்த்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரச் சோதனை. முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிய ஆரம்பித்துவிட்டது. அந்த ஆய்வு வெளியான வருடம் 1948. நம் தொழிற்சாலைச் சட்டம் வந்ததும் அதே வருடம். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவே அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. உடம்பு உழைப்பை மனதில் வைத்து எழுதிய விதி அது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயமும்கூட. ஆனால் கண்காணிப்பு வேலைக்கு ஐந்து மணி நேரம் என்பது பொருந்தாத கணக்கு. என் அனுபவத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை ஆளை அந்த இடத்திலிருந்து நகர்த்திக் கையால் செய்யும் வேலை ஏதாவது கொடுத்தால் முகமே மாறிவிடுகிறது.

பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பாரம் என்றால், கோளாறு வந்ததும் உடனே இறங்கிச் சரிசெய்ய வேண்டியது இன்னொன்று. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-ல் தானியங்கி முறையின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். இன்றுவரை இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத்தான் எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். சுலபமான வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத சிக்கலை மட்டும் மனிதனிடம் விடுகிறோம். தினமும் கை பழகாததால் அவன் திறமை துருப்பிடிக்கிறது. ஆனால் எல்லாம் கைமீறும் நேரத்தில், அதுவும் அவசரத்தில், அவன் வழக்கத்தைவிடத் திறமையாக நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் சொன்னதன் சாரம் இதுதான். 2009 ஜூன் 1-ம் தேதி ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் நடந்ததும் இதுதான். வேகம் அளக்கும் குழாயில் பனி உறைந்தது, தானியங்கி முறை தன்னை விடுவித்துக்கொண்டு விமானத்தை விமானிகள் கையில் கொடுத்தது. என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் பிடிபடுவதற்குள், ஐந்து நிமிடத்துக்குள், கடலில் விழுந்து 228 பேர் போய்விட்டார்கள்.

எனக்கு நேர்ந்ததை அதோடு ஒப்பிட முடியாது, ஆனாலும் சொல்கிறேன், உங்கள் தம்பியின் மனசு புரியும். பீஸைத் தானே மாட்டும் ஆட்டோ லோடிங் முதன்முதலாக வந்த புதிதில் இரண்டு மெஷின் என் பொறுப்பு. நைட் ஷிஃப்ட், மணி மூன்று இருக்கும். இரண்டிலும் பச்சை விளக்கு. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தூங்கவில்லை, அதை இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியும். செக்கிங் நேரம் வந்து ஒரு பீஸை எடுத்து கேஜை விட்டால் உள்ளே போகாமல் முட்டியது. அடுத்ததும் முட்டியது. ட்ரேயைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படித்தான். துளையைப் பெரிதாக்கும் போரிங் பாரின் இன்சர்ட் முனை எப்போதோ உடைந்திருக்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. அது பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு கெட்ட பீஸாகவே வெட்டித் தள்ளியிருக்கிறது. கையால் மாட்டிய காலமாக இருந்தால் இரண்டாவது பீஸிலேயே பிடித்திருப்பேன். காலையில் “பார்த்துக்கிட்டு தானே இருந்தே?” என்று கேட்டார்கள், மெமோ வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் பச்சை விளக்கைக்கூட நம்ப முடியாமல் மெஷினுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டில் படுத்தாலும் கண்ணுக்குள் அந்த விளக்குதான். என் மனைவி அப்போது கேட்ட கேள்வியைத்தான் இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

அடுத்தது அலாரம். உங்கள் தம்பி சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவதற்குக் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். 1979-ல் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை. அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகு ரசாயன ஆலை, மின் நிலையக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு ஒரு அளவு வைத்தார்கள். சராசரியாக ஒரு ஆளுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்றால் சமாளிக்கலாம் என்பது அந்தத் துறையின் பொதுக்கணக்கு. நம் மெஷின் ஷாப்புக்கு அப்படி ஒரு கணக்கு போட்டு நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு மெஷினுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் நாலு மெஷினுக்குச் சேர்த்து இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடிக்கும். பாதியில் விட்ட வேலை மண்டைக்குள் ஒட்டிக்கொண்டே வரும், அதோடுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

வேகமும் முடிவும் யார் கையில் இருக்கின்றன என்பதும் இதில் பெரிய விஷயம். ராபர்ட் கரசெக் என்பவர் 1979-ல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் விவரங்களை வைத்து எழுதினார். வேலையின் நெருக்கடி மட்டும் ஆளை உடைப்பதில்லை, நெருக்கடி அதிகமாக இருந்து முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் மன இறுக்கம் மிக அதிகம் என்றார். நம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் பெங்களூரா மாம்பழம் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும், அழுகலைப் பொறுக்கிப் போட வேண்டும். தரையில் குவித்து உட்கார்ந்து பொறுக்கும்போது வேகம் அந்தப் பெண்கள் கையில். பெல்ட்டுக்குப் போனபின் வேகம் மோட்டார் கையில். பழம் அதேதான், கண்ணும் அதேதான். எலக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான். ஒவ்வொரு பீஸையும் ஸ்கேன் செய்ததும் எத்தனை நொடி ஆனது என்று திரையில் வந்துவிடும். நாள் முழுக்க யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். இதற்கு மேல், அடுத்த ரோபோ வந்தால் நாம் இருப்போமா என்ற பயம் வேறு. ஒப்பந்தத்தில் இருக்கும் பையன்கள் இதை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

இதற்காக ரோபோவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இருபது கிலோ காஸ்டிங்கை ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தூக்கி முதுகெலும்பு போனவர்களை எனக்குத் தெரியும். தூக்குகிற வேலை போனது நல்லதே. குறை, வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் தறி செய்தார். அவருடைய 1924-ம் வருடத் தானியங்கித் தறி உலகப் பெயர் பெற்றது. நூல் அறுந்தால் அவர் தறி தானே நின்றுவிடும். அதனால் யாரும் தறிக்கு முன்னால் கண் கொட்டாமல் நிற்க வேண்டியதில்லை, நின்ற தறிக்குப் போய் நூலை முடிந்தால் போதும். ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது அதனால்தான். நாலு மெஷினை ஒரு ஆளிடம் கொடுக்கும் யோசனைக்கு வேர் அங்கேதான். ஆனால் நம் பக்கம் பல இடங்களில் ஆளைக் குறைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கோளாறு வந்தால் தானே நிற்கிற பகுதியைச் செலவு என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே உங்கள் தம்பியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: “டூல் உடைஞ்சா உன் மெஷின் தானா நிக்குமா, இல்லை நீ கண்டுபிடிக்கணுமா?” டூல் உடைந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சாரும், சுமை ஏறினால் நிறுத்தும் வசதியும் இருக்கின்றன. சில மெஷின்களில் ஏற்கெனவே இருந்தும், அடிக்கடி நிற்கிறது, உற்பத்தி குறைகிறது என்று அணைத்து வைத்திருப்பார்கள். அதை முறையாகச் செட் செய்து போட்டுவிட்டாலே அவன் தலையிலிருந்து பாதிப் பாரம் இறங்கும்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு. விளக்கு மாறும்போதெல்லாம் மணி, எந்த மெஷின், என்ன காரணம், எத்தனை நிமிடம் என்று ஒரு வரி எழுதட்டும். பத்து ஷிஃப்ட் போதும். எங்கள் லைனில் இப்படி எழுதிப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வந்தது ஒரு கதவு சென்சார்தான். அதில் பிசிறு அடைத்துக்கொண்டு, கதவு மூடியிருந்தாலும் திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு தகட்டை வளைத்து மறைப்பு வைத்ததும் நின்றுவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு ஆபரேட்டரும் அதைத் தன் தலையெழுத்து என்று நினைத்துச் சலித்துக்கொண்டே ரீசெட் போட்டுக்கொண்டிருந்தோம். “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்” என்று எச்ஆரிடம் சொன்னால் யோகா வகுப்பு வைப்பார்கள். இந்த மெஷின் இந்த ஷிஃப்டில் இத்தனை தடவை பொய்யாக நின்றது என்று நோட்டைக் காட்டினால் மெயின்டனன்ஸ் ஆள் வந்தே ஆக வேண்டும்.

மனச்சுமையை அளக்கவும் வழி இருக்கிறது. விமானிகளுக்காக நாசாவில் சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லேண்ட் இருவரும் உருவாக்கி 1988-ல் வெளியிட்ட முறை அது. வேலை முடிந்ததும் ஆறு விஷயம் கேட்பார்கள்: மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு வேலை, நேர நெருக்கடி எவ்வளவு, வேலையை எவ்வளவு நன்றாக முடித்தோம் என்று தோன்றுகிறது, அதற்கு எவ்வளவு பிரயாசைப்பட்டோம், எரிச்சல் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு, குறைவு முதல் அதிகம் வரை (வேலையை முடித்த விதத்துக்கு மட்டும் நன்று முதல் மோசம் வரை) எங்கே என்று குறி வைக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். பழைய வேலைக்கு ஒரு தாள், இப்போதைய வேலைக்கு ஒரு தாள். இரண்டையும் அப்பா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உடம்புக் கோட்டில் குறி இறங்கியிருக்கும், மற்றதில் எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று அவரே பார்ப்பார். தாளில் பார்க்கும்போது தம்பிக்கும் “எனக்கு ஏதோ ஆகிவிட்டது” என்ற பயம் குறையும்.

தொழிற்சாலையில் அவன் கேட்கக்கூடியவை இன்னும் இரண்டு உண்டு. கண்காணிப்பும் கைவேலையும் மாறி மாறி வரட்டும், பக்கத்து லைன் ஆளோடு இடம் மாற்றிக்கொள்ள சூபர்வைசர் சம்மதித்தாலே போதும், செலவே இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது ரோபோவை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்ட விடட்டும். அவன் காது மறக்காமல் இருக்கும், தன்னால் முடியும் என்ற தைரியமும் இருக்கும். இந்த இரண்டாவதை உற்பத்திக்காரர்கள் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானே மூன்று வருடம் கேட்டுத்தான் வாங்கினேன்.

வீட்டில் செய்வது சின்ன விஷயம்தான். வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போடுவது என்று கை மட்டும் வேலை செய்கிற ஏதாவது இருந்தால் தரலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். செல்போனைப் பார்த்துக்கொண்டு படுப்பது அவனுக்கு ஓய்வு ஆகாது, நாள் முழுக்கப் பார்த்த விளக்கின் தொடர்ச்சிதான் அதுவும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, “இருந்து என்ன பயன்” என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் நோட்டும் தாளும் போதாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். உடனே பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். இப்போதே வேண்டாம். நோட்டை எழுதிக் காட்டி இரண்டு மாதம் பார்க்கட்டும். அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், ஆறு வருடம் சிஎன்சி தெரிந்த பையனை எடுத்துக்கொள்ள ஓசூரில் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள் எத்தனையோ இருக்கின்றன, கையால் மாட்டி, காதால் கேட்டு வேலை பார்க்கிற இடங்கள். சம்பளம் கொஞ்சம் குறையலாம், கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் இருக்காது. அதை அவன்தான் எடை போட வேண்டும், நீங்களோ நானோ சொல்லக்கூடாது. இதை எல்லாம் நைட் ஷிஃப்ட் வாரத்தில் போனில் பேசாதீர்கள். பகலில் அவன் தூங்கும் நேரம் அது. லீவுக்கு வரட்டும், சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தபின், அந்த டூல் கேள்வியில் ஆரம்பியுங்கள். அவனுக்குப் பதில் தெரிந்த கேள்வி அது, வாயைத் திறப்பான்.